காத்துக் கங்காணியைக் கழற்றிய நாள்

முனுசாமி இடுப்பிலிருந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை உருவினபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான்.

"உக்காருடா!" என்று கத்தினேன்.

நடுத் தண்ணீரில் ஒரு பாய்மரப் படகு. அதில் நாங்கள் மூன்று பேர். முன்னால் தேயிலைத் தோட்டத்தில் மெசின் பழுது பார்க்கிற பிட்டர் வீராசாமி அண்ணன் மூங்கில் கழியோடு நிற்கிறார். பின்னால் நான், மடியில் பிரசவப் பெட்டியோடு. எனக்கு எதிரே, பெண்டாட்டிக்கு வலி கண்டிருக்கிற முனுசாமி எழுந்து நின்று கத்தியை ஓங்குகிறான். எந்தக் கயிற்றை வெட்டவே கூடாதோ, அந்தக் கயிற்றுக்கு நேராகத்தான் ஓங்கினான்.

ஒரு ஆம்பிளையை நான் 'டா' போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. கடைசித் தடவை என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன வாரம் இந்தப் பத்தியில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவைப் பற்றியும் அங்கே கரைத்துக் கொடுத்த பால்மாவைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தங்கை மகள், "பெரியம்மா, உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுமாமே, அதை எப்போ எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது தாயி. அன்றைக்கு ஒரு நாள் ஓட்டினேன், அவ்வளவுதான்.

தண்ணி வந்த கதை

நான் மருத்துவச்சியாக வேலைக்குப் போன தோட்டம் ஹட்டனுக்கு அந்தப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சு வாங்க ஒரு மலை ஏறணும். என் அப்பா தலவாக்கலைப் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கையில் பைபிள், மறு கையில் பிரம்பு. அவர் வளர்ப்பில் ஆஸ்பத்திரிப் பயிற்சியை முடித்து, வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். வயசு சின்னதுதான். வாய் மட்டும் பெரிசு.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் என்னை நர்சம்மா என்றார்கள். "வேதக்காரப் பொண்ணு, வாய் கொஞ்சம் நீளம், ஆனா கை சுத்தம்" என்று எனக்குப் பின்னால் பேசிக்கொள்வார்களாம். மூன்றுமே உண்மைதான், நான் என்ன மறுக்கிறது!

நான் போய்க் கொஞ்ச காலத்தில் கீழே ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். தண்ணீர் மெல்ல மெல்ல ஏறிற்று. பழைய றோட்டு போச்சு, பாலம் போச்சு, மலைத்தண்ணி கொட்ட நாங்கள் குளித்த பீலி போச்சு. கடைசியில் பச்சைப் பசேலென்று கொழுந்து விட்டிருந்த தேயிலை வரிசை வரிசையாக உள்ளே போனபோது, கொழுந்து எடுத்த பொம்பிளைகள் கரையில் நின்று அழுதார்கள். வருசக் கணக்காய்த் தொட்ட செடியாச்சே. நிழல் மரங்கள் மட்டும் இலையெல்லாம் உதிர்த்து, மொட்டைக் கிளைகளோடு தண்ணீருக்கு மேலே நின்றன.

அந்தத் தண்ணீரில் கரண்டு எடுத்தார்கள். கம்பி எங்கள் தலைக்கு மேலாகவே ஓடிக் கொழும்புக்குப் போச்சு. எங்கள் லயங்களில் அதற்குப் பிறகும் குப்பி விளக்குத்தான். அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும், விடுங்கள்.

எங்கள் தோட்டத்தில் மேமலை என்று ஒரு டிவிசன். அது தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. முன்னே பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச தூர நடைதான். அணை வந்த பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு போகணும். காலையில் புறப்பட்டால் போய்ச் சேர மத்தியானம் சாய்ந்துவிடும். பிள்ளை பெறுகிறவள் அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டிருப்பாளா?

பாக்கியம்

முனுசாமியின் பெண்டாட்டி பாக்கியம். மெலிந்த உடம்பு, பெரிய கண். பேச்சு ரொம்பக் கம்மி. கொழுந்து எடுப்பதில் அவள் விரலுக்கு ஈடு கொடுக்க அந்த மலையில் ஆளில்லை.

தண்ணீர் நிரம்பின வருசம் அவளுக்கு முதல் பிள்ளை, குறைமாசத்திலேயே வலி கண்டுவிட்டது. ஆள் வந்து சொல்லி, நான் மலையைச் சுற்றி ஓடினேன். செருப்பு அறுந்து, வெறுங்காலோடு அட்டைக்கடி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அடுத்த வீட்டுக் காம்பராக் கிழவி பிள்ளையை எடுத்து, துடைத்து, அவள் பக்கத்தில் போட்டிருக்கிறாள். பிள்ளைக்கு மூச்சு இருந்திருக்கிறது. பாக்கியம் களைப்பில் கண் அசந்திருக்கிறாள். அவள் முழித்துப் பார்த்தபோது பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது.

நான் உள்ளே நுழைந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு, "நான் தூங்கிட்டேம்மா" என்பதுதான்.

"நீ தூங்கினதால போகல பாக்கியம். மாசம் முத்தாத புள்ள, நெஞ்சு இன்னும் தேறல" என்று அன்றைக்குச் சொன்னேன். பிறகு கண்ட இடத்திலெல்லாம் சொன்னேன். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் சொன்னேன், தேர்த் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவே கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். தலையை ஆட்டுவாள். நம்பவில்லை என்று அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரியும். அவள் அதற்குப் பிறகு ராத்திரியில் ஒழுங்காகத் தூங்குவதே இல்லை என்று முனுசாமி ஒரு தடவை என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான்.

மறுபடி அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நானே பயந்தேன். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சென்றால் பிள்ளையோடு தாயும் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றிற்று.

சத்தம் போடாத கங்காணி

இனி அந்தப் படகுக்கு வருகிறேன்.

தோட்டத்து உதவி மேனேஜரான எங்கள் சின்னத் துரைக்குக் கலியாணம் ஆகவில்லை, குடியும் அவ்வளவாக இல்லை. அப்படிப்பட்ட மனுசனுக்குப் பைத்தியம் வேறு வழியில் வரும். தண்ணீரைக் கண்டதும் அவருக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம் பிடித்தது. ஏதோ புத்தகத்தைப் பார்த்து பாக்டரிப் பட்டறையிலேயே படகு கட்டினார். இரும்பு வேலையெல்லாம் வீராசாமி அண்ணன். அவருக்கு நாற்பது வயசிருக்கும். தேயிலை அரைக்கிற ரோலரைச் செவிட்டு மாமியார் என்றுதான் சொல்வார். வாயைத் திறந்தால் கேலிதான்.

துரை தனி ஆளாகப் படகு ஓட்ட ஆசைப்பட்டார். அதற்காகப் பின்பக்கம் ஒரு ஏற்பாடு. ஒரு கம்பின் உச்சியில் மெல்லிய பலகை, காற்று வரும் பக்கத்துக்குத் தக்கபடி திரும்பும். அதிலிருந்து இரண்டு கயிறு சுக்கான் கட்டைக்கு வரும். படகு வழி மாறினால் காற்று பலகையைத் தள்ளும், பலகை கயிற்றை இழுக்கும், கயிறு சுக்கானைத் திருப்பும், படகு பழையபடி வழிக்கு வந்துவிடும். ஆள் கையே வைக்க வேண்டாம். கயிறும் சுக்கான் கட்டையும் சேருகிற இடத்தில் வளையம் வைத்த ஒரு பித்தளை ஆணி. அதை உருவினால் சுக்கான் நம் கைக்கு வந்துவிடும்.

துரை அதற்கு இங்கிலீசில் என்னமோ பெயர் சொன்னார். வீராசாமி அண்ணன், ஆள்களை விரட்டி வேலை வாங்குகிற கங்காணிமாரை நினைத்து, காத்துக் கங்காணி என்று வைத்தார். "நம்ம தோட்டத்திலேயே சத்தம் போடாத ஒரே கங்காணி இவன்தான் நர்சம்மா" என்பார். அந்தப் பெயர் லயமெல்லாம் பரவி, ஒரு நாள் துரை வாயிலேயே "காட்டுக் கங்கானி" என்று வந்துவிட்டது. மற்றக் கங்காணிமார் முகத்தைப் பார்க்கணுமே!

நான் அந்தப் படகில் ஒரே ஒரு தடவை, டிஸ்பென்சரி மருந்துப் பெட்டியோடு மேமலைக்குப் போயிருந்தேன். துரை உத்தரவு, வீராசாமி அண்ணன் ஓட்டினார். பயத்தில் வழி முழுக்க அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு போனேன். எனக்குப் பயம் வந்தால் கேள்வி கேட்பேன், அது என் குணம்.

"கங்காணியக் கழட்டணும்னா என்ன அண்ணே செய்யணும்?"

"ஆணிய உருவணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு நெனச்சு உருவினீங்கன்னா தண்ணிலதான் கெடக்கணும்" என்று சிரித்தார். "கயிறு எப்பவும் சுக்கான ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும்மா. மொதல்ல கட்டைய ஒரு கையால நல்லாப் பிடிக்கணும். எந்தப் பக்கம் இழுக்குது, எவ்வளவு இழுக்குதுன்னு கையில தெரியணும். அந்த இழுப்ப உங்க கை வாங்கிக்கணும். கயிறு தொய்ஞ்சிரும். அப்புறம் எல்லாரையும் குனியச் சொல்லணும். அதுக்கப்புறந்தான் ஆணி."

பிடிக்காமல் விட்டால்? சுக்கான் விசுக்கென்று அடித்துத் திரும்புமாம். படகு சுழலும். பாய்க்கு அடியில் குறுக்காக இருக்கிற கட்டை, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். நிற்கிற ஆளின் தலையைப் பார்த்துத்தான் வரும்.

"நாங்க தொப்புள்கொடிய மொதல்ல கட்டிட்டு, பிறகுதான் வெட்டுவோம். அதைப் போலத்தான் சொல்றீங்க" என்றேன். அவருக்கு அந்தப் பேச்சு கூச்சமாகிவிட்டது. "ஆமா ஆமா" என்று வானத்தைப் பார்த்தார்.

சந்தனமும் மஞ்சள் துணியும்

ஆயுத பூசை என்றால் எங்கள் பாக்டரிக்குத்தான் பெரிய நாள். மற்ற நாளெல்லாம் காய்ந்த தேயிலை வாசம் மூக்கைத் துளைக்கும் இடத்தில் அன்றைக்குச் சாம்பிராணியும் சாமந்தியும் மணக்கும். ரோலருக்கு மாலை, அடுப்புக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, துரையின் காருக்கு எலுமிச்சம்பழம். நான் வேதக்காரி என்றாலும் பொரிகடலையும் சுண்டலும் என் வீட்டுக்கு முதலில் வந்துவிடும். அதை நான் வேண்டாமென்று சொன்னதே இல்லை.

அந்த வருசம் படகுக்கும் பூசை. காத்துக் கங்காணியின் பலகைக்கு விபூதிப் பட்டை. பித்தளை ஆணிக்குச் சந்தனமும் குங்குமமும். "தலைன்னா அதுதானே, அதுக்குத்தான் பொட்டு" என்றாராம் வீராசாமி அண்ணன்.

மறுநாள் காலை. டிஸ்பென்சரியில் பால் விடாத சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன். முனுசாமி வந்து வாசலில் விழாத குறையாக நின்றான். கம்பளியெல்லாம் பனி. நடு ராத்திரியிலேயே புறப்பட்டு மலையைச் சுற்றி ஓடி வந்திருக்கிறான்.

"வலி கண்டிருச்சும்மா. ஒறங்காம உக்காந்திருக்கா. வாய்க்கு வாய் நீங்க வந்தாத்தான்ங்கிறா."

அவன் வந்த வழியே நானும் நடந்து போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நேரே பாக்டரிக்கு ஓடினேன். துரை நுவரெலியா கிளப்புக்குப் போயிருந்தார். வீராசாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், முனுசாமி முகத்தைப் பார்த்தார்.

"தொரை கேட்டா நான் சொல்லிக்கிறேன். பெட்டிய எடுங்க" என்றார்.

கரையில் படகைத் தள்ளும்போது முனுசாமி தன் மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தான். நுனியில் காணிக்கைக் காசு முடிந்திருந்தது. கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தான். படகில் எது பெரிய சாமி என்று தேடினான். குங்குமம் வைத்த ஆணிதான் கண்ணில் பட்டது. அதன் வளையத்தில் துணியைக் கோர்த்து, சுக்கான் கட்டையோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினான். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கணும் என்று நேர்ந்து கட்டின முடிச்சு. வீராசாமி அண்ணன் வாயைத் திறந்து மூடிக்கொண்டார். ஆணிக்குப் பொட்டு வைத்த மனுசன், நேர்ச்சை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்லுவார்?

வெட்டாதே

பாதித் தூரம் நன்றாகத்தான் போனோம். பனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. அக்கரையில் மேமலை லயத்தின் தகரம் மின்னியது. முன்பக்கம் தண்ணீர் கசிந்தது. வீராசாமி அண்ணன் கங்காணியிடம் சுக்கானை ஒப்படைத்துவிட்டு, வாளியோடு முன்னால் போய் இறைத்துக்கொண்டிருந்தார்.

மலைச்சரிவு ஒன்று மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தாண்டினோம். அங்கே காற்று திரும்பிவிட்டது. காத்துக் கங்காணிக்குக் காற்றுதான் தெரியும், கரை தெரியாது. காற்று திரும்பினால் அவனும் திரும்புவான், படகையும் திருப்புவான். தன் வேலையை அவன் ஒரு குறையும் இல்லாமல் செய்தான். படகு மேமலையை விட்டுவிட்டு, தண்ணீருக்கு மேல் நின்ற அந்த மொட்டை மரங்களைப் பார்த்து நேராக ஓடியது.

"ஐயையோ!" என்று வீராசாமி அண்ணன் வாளியைப் போட்டுவிட்டு மூங்கிலை எடுத்தார். முதல் கிளை வந்துவிட்டது. கழியை ஊன்றித் தள்ளினார். படகின் விலா கிறீச்சென்று உரசிற்று. அடுத்த மரம் அதைவிடப் பெரிசு.

"நர்சம்மா! நான் இத விட்டுட்டு வர முடியாது! கங்காணியக் கழட்டுங்க!"

நான் ஆணியைப் பார்த்தேன். மஞ்சள் துணி பனியிலும் தண்ணீரிலும் நனைந்து, ஊறி, முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது. ஆணி அசையவே இல்லை.

அப்போதுதான் முனுசாமி எழுந்து நின்று கத்தியை உருவினான். மஞ்சள் துணியை அவன் பார்க்கவே இல்லை. விறைப்பாக நின்ற கயிற்றுக்கு நேராக ஓங்கினான். அது அறுந்திருந்தால் சுக்கான் மறு பக்கம் அடித்திருக்கும். பாய்க்கட்டை வீசியிருக்கும். அவன் தலை இருந்த இடம் அதற்கு நேர் வழி. எங்கள் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது.

"உக்காருடா! கயித்தத் தொட்டே, கைய ஒடைச்சிருவேன்!"

தொப்பென்று உட்கார்ந்தான். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுக்கான் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். அப்பா, என்ன இழுப்பு! அது வலப்பக்கம் போகணும் என்று மல்லுக்கு நின்றது. தோளைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இழுப்பு என் கைக்கு வந்தது. கயிறு தொய்ந்தது.

"இப்ப வெட்டு. கயிறில்ல. மஞ்சத் துணிய வெட்டு."

அவன் அசையவில்லை.

"முனுசாமி!"

"நேந்து கட்டினதும்மா" என்றான். "புள்ள பொறக்கறதுக்குள்ள நான் எப்படிம்மா அறுக்கறது? மொதப் புள்ளைக்கு நான் ஒண்ணுமே நேரலம்மா. அதான் போச்சு."

என் கோபமெல்லாம் எங்கே போச்சோ தெரியவில்லை. அவள் தூங்கினதால் போச்சு என்று அவள் இருக்கிறாள். தான் நேராததால் போச்சு என்று இவன் இருக்கிறான். ஒரே காம்பராவில் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் இத்தனை நாள் இதைச் சுமந்திருக்கிறார்கள். ஆனால் அழ நேரமில்லை. மரம் வந்துகொண்டிருந்தது.

"காசு முடிஞ்சிருக்கற நுனிய விட்டுரு. நடுவுல வெட்டு. நேர்ச்சைக் காசு முடிச்சு அவிழாம அப்படியே இருக்கும். எங்கிட்ட குடு, நான் மடியில கட்டிக்கறேன்."

"நீங்க வேதக்காரவுங்க..."

"உங்க சாமி என் மடியில உக்காந்தா கோவிச்சுக்குமா? நாங்க ரெண்டு பேருமே உன் பொண்டாட்டியப் பாக்கத்தான்டா போறோம்!"

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு கத்தி நுனியைத் துணிக்கடியில் விட்டு நெம்பினான். துணி அறுந்தது. காசு முடிச்சை என் மடியில் போட்டான்.

"அண்ணே, குனிங்க! முனுசாமி, படு!"

இருவரும் தணிந்தார்கள். ஒரு கையை விடாமல், மறு கையால் ஆணியை உருவினேன். சுலபமாக வந்தது. சுக்கான் ஒரு தரம் திமிறிப் பார்த்தது, அவ்வளவுதான். கட்டையை மெல்லத் தள்ளினேன். படகின் மூக்கு மரத்தை விட்டு விலகிற்று. கடைசிக் கிளை பாயின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

"அப்படியே வைங்க! அப்படியே வைங்க!" என்று வீராசாமி அண்ணன் தவழ்ந்து வந்தார். சுக்கானைத் தன்னிடம் தரச் சொல்லிக் கையை நீட்டினார். நான் தரவில்லை. "பிடிச்சது பிடிச்சதா இருக்கட்டும். வழிய மட்டும் சொல்லுங்க" என்றேன். கை விறைத்துப் போயிருந்தது, விரலைப் பிரிக்கவே எனக்கு வரவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மேமலை லயம்

கரையில் இறங்கி ஓடினேன். காம்பராவுக்குள் புகையும் வெந்நீர் ஆவியுமாக இருந்தது. பாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் என் சீலைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளையின் தலை வந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. விரலை விட்டு மெல்லத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்தேன். பிள்ளை வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்தது. நீலம் பாரித்திருந்தது. வாயைத் துடைத்து, சளியை எடுத்து, முதுகைத் தேய்த்தேன். வெளியே பேசிக்கொண்டிருந்த பொம்பிளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கர்த்தரே, கர்த்தரே என்று நான் உள்ளுக்குள் சொன்னது எத்தனை தரமோ.

அழுதது. முதலில் பூனைக்குட்டி மாதிரி, பிறகு ஊரைக் கூட்டுகிற மாதிரி. பொம்பிளைப் பிள்ளை.

மடியிலிருந்த காசு முடிச்சை வாசலில் முனுசாமியிடம் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வீராசாமி அண்ணன் அவன் முதுகில் கை வைத்தபடி பக்கத்திலேயே நின்றார்.

வேலை முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

பாக்கியம் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படு என்றேன், படுக்கவில்லை. ரொட்டி கொடுத்தார்கள், தொடவில்லை. பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்கிற்று. அவள் கண் செருகும்போதெல்லாம் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள். உடம்பில் இரத்தமே இல்லாதவள், முதல் நாள் ராத்திரியும் தூங்காதவள். இப்படியே போனால் ஜன்னி கண்டுவிடும்.

"குடு, நான் வச்சிருக்கேன். நீ ஒறங்கு."

தலையை ஆட்டினாள்.

"பாக்கியம், மாசம் முத்தின புள்ள இது. நல்லா மூச்சு விடுது பாரு."

"அதுவும் விட்டுச்சும்மா" என்றாள்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியே சாரல் விழுந்தது. வீராசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, "காத்து நிக்கறதுக்குள்ள போயிரலாமா நர்சம்மா?" என்றார். நீங்கள் போங்கள், நான் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். பாக்கியம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க தூங்கிற மாட்டீங்களே?" என்றாள்.

"தூங்க மாட்டேன்."

"சத்தியமா?"

"வேதத்து மேல சத்தியமா."

பிள்ளையை நீட்டினாள். நான் வாங்கினேன். ஆனால் அவள் கை வரவில்லை, பிள்ளையின் கால் ஒன்றைப் பிடித்தபடியே இருந்தது. நான் அந்தக் கையை விலக்கவில்லை. அவள் அப்படியே பக்கத்தில் சரிந்தாள். பிள்ளை மூச்சு விடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது அவள் விரல் தளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால், வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

லயத்தில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். முனுசாமி வாசலிலிருந்து பாய்ந்து போய் அவர்களை அடக்கினான்.

சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பி வருகிற நேரம். என் கால் மரத்துப் போயிருந்தது, அசைக்கவில்லை. பிள்ளைக்குப் பசி எடுத்துவிட்டது. முகத்தைச் சுருக்கி, கையை உதறி, வீல் என்று கத்த ஆரம்பித்தது.

பாக்கியம் திடுக்கிட்டு எழுந்தாள். கண்ணில் அந்தப் பழைய பயம். "தூங்கிட்டேனா? நான் தூங்கிட்டேனா?" என்று பாயைத் தடவினாள். பிறகுதான் அவள் காதில் விழுந்தது. என் மடியைப் பார்த்தாள். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கத்துகிறது.

"அழுவுதும்மா" என்றாள்.

"பின்ன? பசிச்சா அழாம பாட்டா பாடும்? இந்தா, பிடி."

வாங்கிக்கொண்டாள். வாசலைப் பார்த்துத் திரும்பி, அந்தப் பேசாத பெண், லயத்தின் கடைசித் தொங்கல் காம்பரா வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"ஏங்க, நான் தூங்கி எந்திரிச்சிட்டேன்! புள்ள அழுவுதுங்க!"